இருபது வளைவுகளையும் ஓர் அறைக்குள் கொண்டுவாருங்கள்: சேலம் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழுவில் இடம்பெற்றுள்ள காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சேலத்தில் டிரைவிங் சிமுலேட்டர் ஆய்வுக்கூடம் ஒன்று, அதாவது திரையில் தெரியும் சாலையில் இருந்த இடத்திலேயே வண்டி ஓட்டிப் பார்க்கும் கருவியோடு ஓர் ஆய்வுக்கூடம், அமைய வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையிலான மலைப்பாதை, அதன் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு அந்தச் சிமுலேட்டருக்குள் இருக்க வேண்டும். மது அருந்தியவர் அந்தப் பாதையில் எப்படி வண்டி ஓட்டுகிறார் என்பதை, யாருடைய எலும்பும் முறியாமல், அங்கே அளக்க வேண்டும். அளந்து கிடைத்ததை வைத்து நம் மாவட்டத்தில் சோதனை நடக்கும் நேரமும் இடமும் தீர்மானிக்கப்பட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதிப் பக்கங்கள்.

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிப்பது என் தொழில். குடியிருப்பது கோரிமேட்டுப் பக்கம். ஏற்காட்டுக்கு ஏறுகிற, இறங்குகிற வண்டிகள் எங்கள் தெருமுனையைக் கடந்துதான் போயாக வேண்டும். என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவுப் பணி பார்க்கிறார்கள். வார இறுதி முடிந்து அவர்கள் பேசினால், அந்தப் பேச்சில் எப்போதும் ஓர் இளைஞன் இருப்பான். தலைக்கவசம் கையில் மாட்டியபடியே இருந்திருக்கும். விபத்துப் பதிவேட்டில் ‘மூச்சில் மது வாடை உள்ளது’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு மது, குடித்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பது பெரும்பாலும் எங்கும் இருக்காது. உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அதை எழுதச் சொல்லி மருத்துவரை நெருக்கவும் முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கு முதலிடம்: 64,105. இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். காரணங்களின் பட்டியலில் அதிவேகம் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. குடிபோதைக்குக் கிடைக்கும் பங்கு ஒருசில சதவீதம்தான். இந்தக் கணக்கு என்னை அமைதியிழக்கச் செய்கிறது. வேகத்தையும் மதுவையும் தனித்தனிக் காரணங்களாக எப்படிப் பிரிப்பது? வளைவுக்குள் நுழையும் வேகத்தைத் தப்பாகக் கணித்தவர் ஏன் தப்பாகக் கணித்தார்? பதிவேட்டுக்கு ஒரே ஒரு காரணம் போதும். உடல் அப்படி இயங்குவதில்லை.

மதுவையும் வண்டியையும் பற்றி உலகம் தெரிந்துகொண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் மூச்சிலிருந்து மதுவின் அளவைக் காட்டும் கருவியை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் அவரே கிராண்ட் ராபிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் விபத்தில்லாமல் அதே சாலைகளில் போன ஓட்டுநர்களையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் மது ஏற ஏற ஆபத்து எப்படி ஏறுகிறது என்று காட்டினார். பல நாடுகளின் சட்டங்கள் அந்த ஆய்வைப் பார்த்து எழுதப்பட்டவை. ஆனால் விபத்து நடந்த பிறகு எண்ணுகிற ஆய்வு அது. விபத்துக்கு முந்தைய மூன்று நொடிகளில் அந்த மனிதரின் கண் எங்கே இருந்தது, கால் எப்போது பிரேக்குக்குப் போனது என்று அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள மது கொடுத்து ஓட்டச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். பொதுச் சாலையில் அதைச் செய்ய முடியாது. சிமுலேட்டர் தேவைப்பட்ட காரணம் இதுதான்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய சிமுலேட்டர் இவற்றில் பெயர்பெற்றது. பெரிய கூண்டுக்குள் ஒரு முழுக் கார் நிற்கும். சுற்றிலும் திரை. அந்தக் கூண்டு 64 அடி நீளமும் 64 அடி அகலமும் கொண்ட பரப்பில் நகர்ந்து, பிரேக் போட்டால் முன்னே தள்ளுவதையும் திரும்பினால் பக்கவாட்டில் இழுப்பதையும் உடம்புக்கு உணர்த்தும். அங்கே 108 ஓட்டுநர்களை மது இல்லாமலும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்ற அளவுகளிலும் ஓட்டவைத்தார்கள். நகரத்தில் கிளம்பி, விரைவுச் சாலையில் ஏறி, கிராமத்துச் சாலையில் முடிகிற பாதை. மதுக்கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பயணத்தை மனத்தில் வைத்து அமைத்தது. ஸ்டீயரிங் அசைவும், தடத்துக்குள் வண்டி இடவலமாக அலைகிற விதமும் சேர்ந்தால், ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று காரே கண்டுபிடிக்க வாய்ப்புண்டு என்பது அந்த ஆய்வின் முடிவு.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2000இல் வெளிவந்த மாஸ்கோவிட்ஸ் குழுவின் ஆய்வு. வயது, பால், குடிப்பழக்கம் ஆகியவற்றில் பலவகைப்பட்ட 168 பேரை அவர்கள் சிமுலேட்டரிலும், கவனத்தை இரண்டாகப் பிரிக்கும் சோதனையிலும் அமர்த்தினார்கள். 20 மில்லிகிராமிலேயே சில திறன்கள் குறையத் தொடங்கிவிட்டன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 30. அதாவது சட்டத்துக்கு உட்பட்டவராக அடிவாரச் சோதனையைக் கடந்து போகிறவரும் குறைந்த திறனோடு முதல் வளைவுக்குள் நுழையக்கூடும். முதலில் குறைவது பலம் அல்ல, பார்வையும் அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும் ஆற்றல்தான் முதலில் போகிறது. மலைப்பாதையில் ஓட்டுவதோ முழுக்க முழுக்க அதுதான். வளைவின் உள்விளிம்பைப் பார்க்க வேண்டும், மேலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஹாரனைக் கேட்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குரங்கையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவிலும் இது நடக்காமல் இல்லை. மும்பை ஐஐடியின் போக்குவரத்துப் பொறியியல் ஆய்வாளர்கள் இந்திய ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் அமர்த்தி, 30, 50, 80 மில்லிகிராம் அளவுகளில் எதிர்வினை நேரமும் வேகமும் எப்படி மாறுகின்றன என்று அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே, இங்கே முடியுமா என்ற கேள்விக்கு இடமில்லை. நம் மலைக்கு அது வந்து சேரவில்லை என்பதே குறை.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை காரைப் பற்றியவை. தட்டையான, கோடு போட்ட, அகலமான சாலையைப் பற்றியவை. அவர்கள் அதிகம் நம்பும் அளவுகோல், தடத்தின் நடுவிலிருந்து வண்டி எவ்வளவு விலகி ஆடுகிறது என்பது. நெதர்லாந்தில் 1980களில் உண்மையான நெடுஞ்சாலையில் வைத்து வளர்த்தெடுத்த முறை அது. 50 மில்லிகிராம் மதுவில் அந்த ஆட்டம் சராசரியாக இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும். நேர்ச்சாலையில் அது நல்ல அளவுகோல். நம் மலைப்பாதையில் அதை வைத்து என்ன அளப்பது? அங்கே அளக்க வேண்டியவை வேறு. வளைவுக்கு எத்தனை மீட்டர் முன்பு பிரேக்கைத் தொட்டார், வளைவின் உச்சியில் நடுக்கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே போனார், ஹாரன் அடித்தாரா, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டாரா. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே உள்ளது. இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சின் இழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தினாரா, அல்லது பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடேற்றிச் செயலிழக்க வைத்தாரா என்பது மிக முக்கியம். மது உள்ளே இருக்கும்போது இந்தக் கடைசிப் பழக்கம் எப்படி மாறுகிறது என்று அளந்த ஓர் ஆய்வைக்கூட நான் வாசித்ததில்லை.

கொண்டை ஊசி வளைவில் சிறு பிழைக்குக்கூட எவ்வளவு குறைவாக இடம் இருக்கிறது என்பதை 2024 ஏப்ரல் 30 அன்று 13ஆவது வளைவில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனபோது நாம் எல்லோரும் பார்த்தோம். அதில் மதுவுக்குப் பங்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. தெளிவாக இருக்கும் மனிதருக்கே அந்தப் பாதை தரும் இடம் இவ்வளவுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

வளைவுக்கும் மதுவுக்கும் உடலுக்குள்ளேயே ஒரு தனிப் பகை இருக்கிறது. என் பாடம் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்பவை அவை. ஒவ்வொரு குழாயிலும் திரவம் உண்டு. அந்தத் திரவம் தள்ளினால் சாயும் மென்மையான தடுப்பு ஒன்றும் உண்டு. சாதாரண நிலையில் தடுப்புக்கும் திரவத்துக்கும் அடர்த்தி ஒன்றே. அதனால் தலை திரும்பும்போது மட்டும் தடுப்பு சாயும். மது ரத்தத்தில் ஏறும்போது திரவத்தைவிட விரைவாகத் தடுப்புக்குள் ஊறி, அதை இலேசாக்கிவிடுகிறது. அப்போது தலை திரும்பாவிட்டாலும், சாய்ந்திருந்தாலே போதும், சுற்றுவதாகச் செய்தி போகும். கண்ணும் அதற்கேற்பத் துடிக்கும். சில மணி நேரத்தில் இரண்டின் அடர்த்தியும் சமமாகி, தலைச்சுற்றல் அடங்கும். ‘தெளிந்துவிட்டது’ என்று குடித்தவர் சொல்லும் நேரங்களில் இதுவும் ஒன்று. பிறகு மது வெளியேறும்போது தடுப்பிலிருந்து முதலில் வெளியேறுகிறது. இந்த முறை எதிர்த்திசையில் பழைய கோளாறு திரும்புகிறது. குடித்து ஐந்து, பத்து மணி நேரம் கழித்து, அதாவது விடிகாலையில். பைக்கைச் சாய்த்துத்தான் வளைவைத் திருப்ப முடியும். வளைவுக்கு வளைவு, இடமும் வலமுமாக இருபது முறை தலையும் உடம்பும் சாய்கிற பாதையில், சாய்வைத் தவறாகச் சொல்லும் காதோடு ஒருவர் இறங்குகிறார்.

விடிகாலையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் மனத்தில் அதிகம் கனப்பது அதுதான்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி போன்ற மதுவில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்கிட்டால் ஏறத்தாழ 61 கிராம் தூய ஆல்கஹால். ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் வித்மார்க் 1932இல் தந்த சூத்திரத்தில் இதைப் போட்டுப் பார்த்தால், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 100 மில்லி ரத்தத்தில் 130 மில்லிகிராமுக்கு மேல் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் உச்சம் கொஞ்சம் குறையும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கழிக்கிறது. இந்த வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது. காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீர்க் குளியல் எதுவும் அதை அவசரப்படுத்துவதில்லை. குவார்ட்டர் குடித்தவர் சட்ட வரம்புக்குக் கீழே வர ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். அரை பாட்டில் குடித்தவருக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை இரவு பதினொன்று மணிக்கு அரை பாட்டிலை முடித்து, ஏற்காட்டில் ஆழ்ந்து தூங்கி, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குளித்து, தோசை சாப்பிட்டு, நெற்றியில் விபூதியோடு வண்டியை எடுப்பவரின் ரத்தத்தில் அப்போதும் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடும். அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவியும் சொல்ல மாட்டார். குழந்தைகள் பின் இருக்கையில் இருப்பார்கள்.

மது முழுக்க வெளியேறிய பிறகும் கதை முடிவதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சிமுலேட்டர் ஆய்வில், முந்தைய இரவு நிறையக் குடித்து, ரத்தத்தில் மது பூஜ்யமாகிவிட்ட நிலையில் ஓட்டியவர்களின் வண்டியும் வழக்கத்தைவிட அதிகமாகத் தடத்துக்குள் ஆடியது. தூக்கக் குறைவும் சேர்ந்துகொள்கிறது. பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கை-கண் ஒத்திசைவு ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடையதைப் போல் ஆகிவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் 1997இலேயே காட்டிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து நள்ளிரவில் பைக்கில் கிளம்பி, தொப்பூர் கணவாய் இறங்கி, சூரிய உதயத்துக்கு ஏற்காடு சேர நினைக்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! மூச்சுப் பரிசோதனைக் கருவி அவர்களிடம் எதையும் காட்டாது.

போதை தெளிவது பற்றி 1919இல் இங்கிலாந்தின் எட்வர்ட் மெலன்பி நாய்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ரத்தத்தில் மது ஏறிக்கொண்டிருக்கும்போது தெரியும் தள்ளாட்டம், அதே அளவு இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைவாகத் தெரிகிறது. பின்னால் மனிதரிடமும் இதைப் பார்த்தார்கள். கூர்ந்து பார்த்தபோது கிடைத்த விவரம்தான் நமக்கு வேண்டியது: இறங்கும்போது ‘நான் சரியாகிவிட்டேன்’ என்ற உணர்வு வேகமாகத் திரும்புகிறது, பிழைகளைத் தவிர்க்கும் திறன் அதே வேகத்தில் திரும்புவதில்லை. தன்னைத் தானே மதிப்பிடும் கருவியையே மது முதலில் கெடுத்துவிடுகிறது. ‘எனக்கு என் அளவு தெரியும்’ என்று சொல்பவரிடம் வாதம் செய்து பயனில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. அவர் ஓட்டியதை அவருக்கே திரையில் திரும்பப் போட்டுக் காட்டினால்தான் வழி.

இதனால்தான் சில விழாக்களில் மாணவர்களுக்கு மாட்டிவிடும் ‘போதைக் கண்ணாடி’யை நான் எதிர்க்கிறேன். மாட்டியவுடன் எல்லாம் கோணலாகத் தெரியும். கோட்டின் மேல் நடக்க முடியாமல் மாணவன் சிரித்தபடி விழுவான். உண்மையான மது அப்படிச் செய்வதில்லை. அது உலகத்தை நேராகக் காட்டிக்கொண்டே கையைத் தாமதப்படுத்துகிறது. கண்ணாடியைக் கழற்றிய மாணவன் என்ன கற்றுக்கொண்டு போகிறான்? ‘இவ்வளவு கோணலாகத் தெரிந்தால்தான் போதை, எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆகவே ஓட்டலாம்.’ கோடை விழாவில் ஒரு திரையும் ஸ்டீயரிங்கும் வைத்து விழிப்புணர்வு அரங்கு போடலாம் என்று யாராவது விலைப்பட்டியலோடு உங்களிடம் வரக்கூடும். அன்புகூர்ந்து அதற்குப் பணம் ஒதுக்காதீர்கள். ஆய்வுக்கான கருவி வேறு, வேடிக்கைக்கான கருவி வேறு.

மருந்து விஷயத்தையும் இந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் சேர்க்கச் சொல்கிறேன். அயோவாவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில் ஒவ்வாமை உள்ள நாற்பது ஓட்டுநர்களுக்கு ஒருமுறை மது, ஒருமுறை டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய வகை ஒவ்வாமை மருந்து, ஒருமுறை தூக்கம் வரவழைக்காத புதிய ஒவ்வாமை மாத்திரை, ஒருமுறை வெறும் மாத்திரை என்று கொடுத்தார்கள். அங்கே அப்போதிருந்த சட்ட வரம்பைத் தொட்ட மதுவைவிட டைஃபென்ஹைட்ரமின் ஓட்டுதலை அதிகமாகக் கெடுத்தது. நம் ஊரில் சளி இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பல சிரப்புகளில் இருப்பது அதுதான். எனக்குத் தூக்கமே வரவில்லை என்று சொன்னவர்களும் மோசமாக ஓட்டினார்கள். மலையில் மழையும் பனியும் இறங்கும் மாதங்களில் சளிமருந்து குடித்துவிட்டு லோடு வேன் ஓட்டுபவர் தன்னைக் குடித்தவராக நினைப்பாரா?

இனி, உங்கள் கூட்டத்தில் எழக்கூடிய மறுப்புகள்.

அரசு வளாகத்தில் மது கொடுப்பதா என்று யாரேனும் முகம் சுளிக்கலாம். இந்த மாவட்டத்துக்கு அந்த உணர்வு இருப்பது இயல்பு. ராஜாஜியின் அரசு சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்த இடம் சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1 அன்று. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. விற்கிற அரசுக்கு, விற்றது சாலையில் என்ன செய்கிறது என்று அளந்து பார்க்கும் கடமையும் உண்டு. மதுவை முதலில் நிறுத்திப் பார்த்த மாவட்டம் அதன் விளைவை அளப்பதிலும் முன்னே நிற்கட்டும்.

நெறிமுறை பற்றிய கேள்வி இதைவிட முக்கியமானது. அதில் எந்தச் சலுகையும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் உள்ளன. மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். குடிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு ஒரு துளியும் தரக் கூடாது. குடிக்கு அடிமையானவர், மீண்டு வந்தவர், கர்ப்பிணி, ஈரல் நோயாளி, 21 வயது நிரம்பாதவர் யாரும் இதில் சேரக் கூடாது. தன் ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காக மாணவர் ஒப்புக்கொள்ளும் நிலையும், மேலாளர் சொன்னார் என்பதற்காக ஓட்டுநர் வரும் நிலையும் உருவாகக் கூடாது. எடைக்கேற்ற அளவு, மருத்துவர் பக்கத்தில், படுக்கத் தனி அறை, மூச்சில் மது முழுக்க இறங்கும் வரை வெளியே அனுப்பாமை, பிறகு வீட்டு வாசல் வரை கார். அவருடைய சாவி ஆய்வுக்கூடத்தின் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். ஓட்டிய பதிவு எதுவும் காவல்துறையின் கைக்கோ காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ போகாது என்று எழுத்தில் உறுதி தரப்பட வேண்டும். காவல் அதிகாரிகள் உங்கள் குழுவில் இருப்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

சிமுலேட்டரில் யாருக்கும் சாவுபயம் இல்லையே, அங்கே ஓட்டுவதும் சாலையில் ஓட்டுவதும் ஒன்றா என்று நெடுஞ்சாலைத் துறை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவர் சிமுலேட்டரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினார் என்பதால் சாலையிலும் அதே வேகத்தில் திரும்புவார் என்று கொள்ள முடியாது. ஆனால் அதே மனிதர் மது இல்லாமல் ஓட்டியதற்கும் மதுவோடு ஓட்டியதற்கும் உள்ள வேறுபாடு நம்பகமானது. அதனால்தான் ஒவ்வொருவரையும் அவரோடு அவரையே ஒப்பிட வேண்டும். முதலில் கருவி பழகும்வரை ஓட்டவிட வேண்டும். ஒரு வாரம் குடிக்காமலும் மறுவாரம் குடித்தும் ஓட்டச் செய்து, யாருக்கு எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். மது இல்லாத நாளிலும் பழச்சாற்றின் மேல் சில துளி மது மட்டும் விட்டு வாடை வரச் செய்ய வேண்டும். அளப்பவருக்கும் அன்றைக்கு எது என்று தெரியக் கூடாது. உண்மையான சிக்கல் வேறொன்று இருக்கிறது: சிமுலேட்டர் குமட்டல். கண் திரும்புகிறது என்கிறது, உடம்பு இல்லை என்கிறது, வயிறு புரட்டுகிறது. கூர்மையான வளைவுகளில்தான் இது மிக மோசம். இருபது வளைவையும் ஒரே மூச்சில் ஓட்டச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். எனவே மூன்று நான்கு வளைவுகளாகப் பிரித்து, இடையே ஓய்வு கொடுத்து, இருக்கை சாயும் அமைப்போடு செய்ய வேண்டும். பாதியில் விலகியவர்களின் கணக்கையும் மறைக்காமல் வெளியிட வேண்டும்.

பணம்? அயோவாவைப் போன்ற கட்டடத்தை நான் கேட்கவில்லை. பயன்பாட்டிலிருந்து நீக்கிய காரின் முன்பாதி, மூன்று திரைகள், சாய்கிற மேடையில் பொருத்திய ஒரு மோட்டார் சைக்கிள், கணினிகள். இரும்பு வேலைக்குச் சேலத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. இங்குள்ள அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியலும் மின்னணுவியலும் படிப்பவர்கள் இதைத் தங்கள் இறுதியாண்டுத் திட்டமாகவே கட்டியெழுப்ப முடியும். மதுவின் அளவையும் பாதுகாப்பையும் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி பார்த்துக்கொள்ளலாம். கவனச் சோதனைகளைப் பெரியார் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை வடிவமைக்கலாம். மலைப்பாதையின் சரிவும் வளைவும் தடுப்புச்சுவரும் நெடுஞ்சாலைத் துறையின் அளவீட்டு வரைபடங்களில் இருக்கும். அதைத் தரும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. இந்த நான்கு இடங்களும் ஒரே ஊரில் உள்ளன. இவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைக்க மாவட்ட ஆட்சியரின் கடிதம் ஒன்றால்தான் முடியும்.

மோட்டார் சைக்கிளை முதலில் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். கார் பற்றிய அறிவு வெளியிலிருந்து நமக்குக் கிடைத்துவிடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஈரச் சாலையில், கீழ்நோக்கிய கொண்டை ஊசி வளைவில் 110 சிசி வண்டியின் முன்பிரேக்கை 30 மில்லிகிராம் மதுவோடு ஒருவர் எப்படிப் பிடிக்கிறார் என்று நமக்காக வேறு யாரும் அளந்து தரப் போவதில்லை.

ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. குடிபோதைச் சோதனை பொதுவாக எங்கும் மாலையிலும் இரவிலும்தான் நடக்கிறது. மேலே சொன்ன ஈரலின் கணக்கு சரியென்றால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடை விழா நாட்களிலும் காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று மணிவரை, மலையிலிருந்து இறங்கும் பக்கத்திலும் சோதனை நடக்க வேண்டும். அதுவும் ஏற்காட்டிலேயே, முதல் வளைவுக்கு முன்பே, நடக்க வேண்டும். அடிவாரத்தில் பிடிப்பதற்குள் அவர் இருபது வளைவுகளையும் கடந்திருப்பார். குப்பனூர் வழியாக இறங்குபவர்களையும் விட்டுவிடக் கூடாது. பிடிபட்டவரிடம் 10,000 ரூபாய் அபராதம் வசூலிப்பதைவிட, அவர் வண்டியை அங்கேயே நிறுத்திவைத்து, அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்புவது அன்றைக்கு அதிக உயிர்களைக் காக்கும். சட்டப்படியான வழக்கு அதன் பிறகு நடக்கட்டும்.

விடுதிகளிலும் ஒரு சிறு வேலை இருக்கிறது. வரவேற்பு மேசையில் மூச்சுப் பரிசோதனைக் கருவி ஒன்று வைத்து, காலையில் அறையைக் காலி செய்யும் விருந்தினர் விரும்பினால் ஊதிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்யலாம். கட்டாயம் வேண்டாம். பலர் தங்கள் எண்ணைப் பார்த்து வியந்துபோவார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோரிக்கையை அடுத்த மாதாந்திரக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவையும், நெறிமுறைக் குழுவுக்கான ஒப்புதல் படிவத்தையும் தமிழில் எழுதித் தர நான் தயார். எத்தனை திருத்தம் சொன்னாலும் திருத்தித் தருவேன். மலைப்பாதையை அளவெடுக்கும் பணியை மழைக்காலம் முடிந்து கூட்டம் குறைவாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில், வார நாட்களின் காலையில் செய்தால் போக்குவரத்தை நிறுத்த வேண்டியிருக்காது. அதற்கான அனுமதியை மட்டும் முன்கூட்டியே தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்,
கோரிமேடு, சேலம்